பல்லுக்கு ஊர் உண்டு

(கொட்டாம்பட்டியில் மாணவர்களும் பெற்றோர்களும் ஆசிரியர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்கள் ஊரைச் சுற்றி இருப்பதெல்லாம் கருங்கல். மேலூரில் தொடங்கி இங்கே வந்து சேரும்வரை சாலையின் இருபுறமும் குன்று, குவாரி, கிரஷர் என்று கல்லாகவே தெரிகிறது. இந்தக் கல்லில் ஆயுள் முழுக்கத் தேடினாலும் ஒரு மீன் முள்கூடக் கிடைக்காது. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து, அழுந்தி, உருமாறி மேலே வந்த பாறை இது. கடைசியாக வெந்து தணிந்தே சுமார் 55 கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன. எலும்பும் பல்லும் உள்ள விலங்குகள் அப்போது உலகில் இல்லை. அப்படியே ஏதாவது உயிர் அதில் புதைந்திருந்தாலும் அந்தச் சூட்டில் தடயமே மிஞ்சியிருக்காது.

கடலில் வாழ்ந்த ஊர்வனவற்றின் பல்லைப் பற்றி இங்கே வந்து ஏன் பேச வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கலாம். காரணம் தூரம்தான். இந்த ஊர் வழியாகப் போகும் நான்கு வழிச் சாலையில் திருச்சி போய், சமயபுரம் தாண்டி, பாடாலூர் வரை சென்று கிழக்கே திரும்புங்கள். ஊட்டத்தூர், காரை, கொளக்காநத்தம் என்று ஊர்கள் வரும். இங்கிருந்து மூன்று மணி நேரப் பயணம்கூட இல்லை. அங்கே 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் தரை, செருப்புக் காலோடு நடந்து போகும்படி வெளியே கிடக்கிறது. அந்தக் கடலில் இக்தியோசார் என்ற ஊர்வன விலங்கு நீந்தியது. அதன் பற்கள் அந்த மண்ணில் கிடைத்திருக்கின்றன.

சிவகங்கைப் பக்கமும் உங்களுக்கு ஒரு சொத்து இருக்கிறது. அங்கே மேல் கோண்டுவானா அடுக்குகள் எனப்படும் படிவுப் பாறைகளில் பழைய செடிகளின் இலை அச்சுகள் கிடைக்கின்றன. கடல் உள்ளே வருவதற்கு முன் இந்தக் கரையில் என்ன முளைத்தது என்பதை அவை சொல்கின்றன. அதை இன்னொரு நாள் பேசலாம். இன்று பல்லைப் பற்றி மட்டும்.

இந்தியா ஒரு காலத்தில் அண்டார்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டியிருந்தது. அந்தப் பெருநிலம் உடைந்து பிரிந்தபோது நம் கிழக்கு ஓரம் விரிசல் விட்டுத் தாழ்ந்தது. தாழ்ந்த பள்ளத்தில் கடல் ஏறியது. இன்று காவிரிப் படுகை என்று நிலவியல்காரர்கள் சொல்லும் பகுதி அதுதான். கடல் ஏறியது, பின்வாங்கியது, மறுபடி ஏறியது. ஒவ்வொரு முறையும் சேறும் மணலும் சுண்ணாம்பும் படிந்தன. ஊட்டத்தூர்ப் பக்கம் போனால், உங்கள் ஊர்ப் பாறையைப் போன்ற பழம்பாறையின் மேலேயே கடல் படிவு நேராக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவே பல கோடி ஆண்டுகளின் இடைவெளி; ஒரு கையை அங்கேயும் ஒரு கையை இங்கேயும் வைத்து அந்த இடைவெளியைத் தொட்டுவிடலாம். படிந்த மண்ணும் எங்கிருந்தோ வந்ததல்ல. மேற்கே இருந்த பழம்பாறைகளை மழை அரித்து ஆறுகள் கொண்டுபோய்க் கொட்டியது.

காரையை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். களிமண் மேடுகள். மழை வெட்டிய ஓடைகள் கிளை கிளையாகப் பிரிந்து ஆளை மறைக்கும் ஆழத்துக்குப் போகின்றன. மஞ்சளும் சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். வெயிலில் ஜிப்சம் தகடுகள் பளபளக்கும். குனிந்து பார்த்தால் விரல் பருமனில் கூர்மையான கல் உருளைகள் கிடக்கும். அவை பெலம்னைட் என்ற, கணவாயின் உறவான உயிரின் உள்ளோட்டுத் துண்டுகள். சுருள் சுருளாக அம்மோனைட் என்ற கடலுயிரின் ஓடுகளும் உண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இந்தக் காரை – கொளக்காநத்தம் பகுதியை நாட்டின் நிலவியல் நினைவுச் சின்னங்களில் ஒன்றாக அறிவித்திருக்கிறது. பக்கத்திலேயே சாத்தனூர் கல்மரம். 18 மீட்டர் நீளம் கொண்ட அந்த மரத்தை 1940இல் உலகுக்கு அறிவித்தவர் எம். எஸ். கிருஷ்ணன். பின்னாளில் அந்தத் துறையின் முதல் இந்திய இயக்குநரானவர் அவர்.

இந்த மண்ணின் செல்வம் வெளியுலகுக்குத் தெரிந்த கதை 1840 வாக்கில் தொடங்குகிறது. கேய், கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் திருச்சி, புதுச்சேரிப் பக்கங்களில் கல்லான சிப்பிகளைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். பிறகு நிலவியல் ஆய்வுத்துறையின் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பகுதி முழுவதையும் அளந்து, படிவுகளை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்று பெரும் பிரிவுகளாகப் பிரித்தார். அந்த ஊர்ப் பெயர்களைத்தான் உலகின் நிலவியல் நூல்கள் இன்றும் சொல்கின்றன. ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா என்ற செக் நாட்டு அறிஞர் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து இங்கத்திய சிப்பிகளையும் நத்தைகளையும் ஒவ்வொன்றாக விவரித்தார்.

1879இல் ரிச்சர்ட் லைடெக்கர், ஊட்டத்தூர்ப் படிவுகளில் கிடைத்த சில முதுகெலும்புத் துண்டுகளைப் பார்த்து, இது இக்தியோசார் என்று அடையாளம் கண்டார். இக்தியோசாரஸ் இண்டிகஸ் என்று பெயரும் வைத்தார். இந்தியப் பெயர் தாங்கிய கடல் ஊர்வன! நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெயர் நிலைக்கவில்லை. பின்னால் அதைப் பிளாட்டிப்டெரிஜியஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். அதன் பிறகு, இந்த முதுகெலும்புகளை வைத்துத் தனி இனம் என்று சொல்லவே முடியாது என்ற கருத்து வலுத்தது. இக்தியோசாரின் முதுகெலும்பு ஏறக்குறைய எல்லா இனத்திலும் ஒரே மாதிரி வட்டத் தட்டுதான். இது இக்தியோசார் என்று அது சொல்லும். எந்த இக்தியோசார் என்று சொல்லாது. அதைச் சொல்லக் கூடியது பல். அந்தப் பல் நூறாண்டுக்கு மேல் நம் கைக்கு வரவில்லை; வந்திருந்தாலும் யாரும் அதை எழுதி வைக்கவில்லை.

2011இல்தான் அந்தக் குறை தீர்ந்தது. சார்லி அண்டர்வுட், அஞ்சலி கோஸ்வாமி, ஜி. வி. ஆர். பிரசாத், ஓம்கார் வர்மா முதலியோர் காரைப் படிவில் கிடைத்த முதுகெலும்பிகளைப் பற்றி ஒரு விரிவான ஆய்வை வெளியிட்டார்கள். சுறா, மீன் ஆகியவற்றின் பற்களோடு இக்தியோசார் பற்களும் அதில் இருந்தன. சுறாக்களில் புதிய இனங்களே இருந்தன. அவற்றில் ஒன்றின் பெயரில் தென்னிந்தியா என்பதையே சேர்த்து டுவார்டியஸ் சுட்இண்டிகஸ் என்று வைத்தார்கள். காரைக் களிமண்ணில் முழு உடம்பு கிடைக்காத ஒரு கடல் உலகம் பெரும்பாலும் பற்களால் மீண்டு வந்தது.

ஏன் பல் இவ்வளவு மிஞ்சுகிறது? முதல் காரணம், பல்லின் மேல்பூச்சான எனாமல். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் கனிமம். உடம்பில் அதைவிடக் கடினமான பொருள் வேறு கிடையாது. எலும்பு கரைந்து போகிற இடத்திலும் எனாமல் நிற்கும். இரண்டாவது காரணம் எண்ணிக்கை. நமக்குப் பால்பல் விழுந்தால் ஒரு முறை முளைக்கும், அவ்வளவுதான். சுறாவுக்கும் ஊர்வனவற்றுக்கும் வாழ்நாள் முழுவதும் பல் விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கும். நூற்றுக்கு மேற்பட்ட பற்கள் கொண்ட ஒரு விலங்கு சாகும் முன்பே எத்தனையோ பற்களைக் கடலின் அடியில் போட்டுவிட்டுப் போகிறது. மூன்றாவது காரணம் இக்தியோசாருக்கே உரியது. முதலைக்கு ஒவ்வொரு பல்லுக்கும் தாடையில் தனிக் குழி உண்டு. பெரும்பாலான இக்தியோசார்களுக்கோ தாடை நெடுக ஒரு நீண்ட பள்ளம். அதில் எல்லாப் பற்களும் வரிசையாக நிற்கும், தசைநார்தான் பிடிமானம். செத்துச் சதை அழுகியதும் பற்கள் உதிர்ந்து சிதறிவிடும். ஆகவே தாடையோடு சேர்ந்த பல் அரிது, தனிப் பல்லே அதிகம்.

கையில் ஒரு பல் கிடைத்தால் அது யாருடையது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதை நிதானமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளைகளுக்கு இதில்தான் ஆர்வம் அதிகம். சுறாப் பல் தட்டையானது. ஓரம் கத்தி போல வெட்டும், சில இனங்களில் ரம்பப் பல் இருக்கும். அடியில் வேர் இரண்டாகப் பிரிந்து விரிந்திருக்கும். ப்டைகோடஸ் போன்ற சில வகைகள் விதிவிலக்கு: சிப்பியை நொறுக்குவதற்காக அவற்றின் பல் மேடாக, வரிவரியாக, அரைக்கும் பல்லாக இருக்கும். முதலையின் பல் கூம்பு. முன்னும் பின்னும் ஒரு மெல்லிய விளிம்பு ஓடும், அடியில் பெரும்பாலும் உள்ளே குழிவு. பிளீசியோசார் என்ற நீண்ட கழுத்துக் கடல் விலங்கின் பல் ஒல்லியாக, வளைந்து, நுண்ணிய வரிகளோடு இருக்கும். மொசசார் என்ற இன்னொரு கடல் ஊர்வனவின் பல்லில் வெட்டும் விளிம்புகள் உண்டு, வேர் உப்பித் தடித்திருக்கும். இக்தியோசாரின் பல்லைப் பார்த்தால், மேலே எனாமல் போர்த்திய கூம்பு, அதில் நீளவாக்கில் வரிகள், அதன்கீழ் வழவழப்பான ஒரு பட்டை, பிறகு தடித்த வேர். பிளாட்டிப்டெரிஜியஸ் வகையில் அந்த வேரைக் குறுக்கே வெட்டினால் ஏறக்குறையச் சதுரமாக இருக்கும். வேரின் உட்புறம் பல்திசு மடிப்பு மடிப்பாகச் சுருங்கியிருக்கும்; இன்றைய ஊர்வனவற்றில் இந்த மடிப்பை உடும்பு இனத்தில் பார்க்கலாம்.

பல்லைப் பல் என்று அடையாளம் காணவே காலம் பிடித்தது. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் கல்லான சுறாப் பற்களைப் பாம்பின் நாக்கு கல்லாகிவிட்டது என்று நம்பினார்கள். விஷத்துக்கு மருந்தென்று கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். 1666இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பிடிபட்ட ஒரு பெரிய சுறாவின் தலையை அறுத்துப் பார்த்த ஸ்டெனோ என்ற மருத்துவர், இந்தப் பல்லும் அந்தக் கல்லும் ஒன்று என்றார். மறு ஆண்டே அதை அச்சிட்டார். மலைமேல் கிடக்கும் கல்லில் கடல் விலங்கின் பல் எப்படி வந்தது என்ற கேள்வியை அவர் விடவில்லை. பாறை அடுக்கடுக்காகப் படிகிறது, கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது என்ற விதி அந்தத் தேடலில்தான் பிறந்தது. இன்று நிலவியல் படிக்கும் மாணவர் முதல் வாரத்தில் கற்கும் பாடம், பல்லைப் பிடித்துப் போய்க் கண்ட பாடம்.

ஒரு விலங்கு என்ன தின்றது என்பதையும் அதன் பல் சொல்லும். ஜூடி மசாரே என்ற அமெரிக்கப் பெண் அறிஞர் 1987இல், பழைய கடல் ஊர்வனவற்றின் பற்களை வடிவத்தையும் தேய்மானத்தையும் கொண்டு வகைப்படுத்தினார்: குத்துவது, வெட்டுவது, நொறுக்குவது, அரைப்பது என்று. நீண்டு கூர்மையாக இருந்தால் மென்மையான மீன், கணவாய். முனை முறிந்து மழுங்கித் தேய்ந்திருந்தால் ஓட்டையும் எலும்பையும் கடித்திருக்கிறது. குஜராத்தின் கச்சில் லோடாய் ஊருக்கு அருகே, 15 கோடி ஆண்டுக்கு முந்தைய ஓர் இக்தியோசார் உடம்பு ஏறக்குறைய முழுதாகக் கிடைத்து 2017இல் அறிவிக்கப்பட்டது. நீளம் சுமார் ஐந்தரை மீட்டர். ஜுராசிக் காலத்து இக்தியோசார் இந்தியாவில் கிடைத்தது அதுவே முதல் முறை. அதன் பற்களின் தேய்மானத்தைப் பார்த்துத்தான், கடினமான செதில் மீன்களையும் ஓட்டுயிர்களையும் தின்றிருக்கும் என்றார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிடைத்த பிளாட்டிப்டெரிஜியஸ் ஒன்றின் வயிற்றில் குட்டி ஆமைகளின் எலும்பும் ஒரு பறவையின் எலும்பும் இருந்தன. அது கருவுற்றிருந்த தாய் விலங்கு. இக்தியோசார் முட்டையிடுவதில்லை, குட்டி ஈனும். காரைக் கடலில் நீந்தியதும் இதே கூட்டத்தைச் சேர்ந்த விலங்கு.

எனக்கு இன்னும் வியப்புத் தீராத செய்தி ஒன்று உண்டு. உடம்பின் சூட்டைக்கூடப் பல்லிலிருந்து கணக்கிடலாம். எனாமல் உருவாகும்போது அதில் சேரும் ஆக்சிஜனில் கனமான வகை எவ்வளவு, லேசான வகை எவ்வளவு என்பது அப்போதைய உடல் வெப்பத்தைப் பொறுத்தது. பிரான்சின் ஆய்வாளர்கள் கடல் ஊர்வனவற்றின் பற்களையும் அதே இடத்தில் கிடைத்த மீன் பற்களையும் ஒப்பிட்டு 2010இல் முடிவை வெளியிட்டார்கள். மீனின் உடம்பு தண்ணீரின் சூட்டிலேயே இருக்கும். அதனால் மீன் பல் அன்றைய கடலின் வெப்பத்தைத் தந்தது. இக்தியோசார், பிளீசியோசார் பற்களோ 35 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை காட்டின. நம் உடம்புச் சூடு! கடல் குளிர்ந்திருந்த இடத்திலும் அப்படித்தான். ஓணான்போல வெயில் காய்ந்து பிழைத்த விலங்குகள் அல்ல அவை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, கவனியுங்கள். அந்தக் கணக்கு நிற்பது ‘அதே இடத்தில் கிடைத்த மீன் பல்’ என்ற சொற்களின் மேல். ஊர்வனவற்றின் பல் ஓர் ஓடையிலும் மீன் பல் வேறோர் ஓடையிலும் எடுக்கப்பட்டிருந்தால், அல்லது எங்கே எடுத்தது என்றே தெரியாவிட்டால், கணக்கே இல்லை. இன்று நான் சொல்ல வந்த செய்தி இதுதான். பல்லுக்கு ஊர் உண்டு. எந்த ஓடை, எந்த அடுக்கு, எவ்வளவு உயரம் என்ற தகவலோடு வரும் பல் அறிவுக்குச் சொந்தம். அது இல்லாமல் வரும் பல், சர்வே எண் எழுதாத பத்திரம்: கையில் இருக்கும், எந்த நிலத்தையும் காட்டாது.

காரைப் பற்களின் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இக்தியோசார்கள் சுமார் 25 கோடி ஆண்டுக்கு முன் தோன்றி, 9 கோடியே 40 லட்சம் ஆண்டுக்கு முன் வாக்கில் அற்றுப்போயின. டைனோசார்கள் அழிந்ததற்கு ஏறக்குறைய மூன்று கோடி ஆண்டு முந்தியே போய்விட்டன. அதற்கு விண்கல்லைக் காரணம் காட்ட முடியாது. பிறகு ஏன் போயின? வலெண்டின் ஃபிஷர் என்ற பெல்ஜிய ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2016இல் ஒரு விளக்கம் தந்தார்கள். அந்தக் காலத்தில் பூமி மிகவும் சூடாக இருந்தது, கடல் மட்டம் ஏறி இறங்கியது, கடலின் நிலை அடிக்கடி மாறியது. இக்தியோசார்களின் பரிணாம வேகமோ குறைந்துபோயிருந்தது. மாற்றத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் இரண்டு கட்டமாக அழிந்தன என்பது அவர்கள் கருத்து. கடைசிக் காலத்தில் எத்தனை விதமான இக்தியோசார்கள் இருந்தன, என்னென்ன தின்றன என்பதைப் பல்லின் வடிவத்தை வைத்துத்தான் எடைபோட்டார்கள். காரை மண்ணின் பற்கள் அந்தக் கடைசிச் சில கோடி ஆண்டுகளில் ஒரு பகுதியைச் சேர்ந்தவை. தெற்குக் கடல்களில் அந்தக் காலத்துச் சான்று கொஞ்சம்தான், ஐரோப்பாவில் அதிகம். நம் ஓடையில் கிடக்கும் ஒவ்வொரு பல்லும் அந்தக் கணக்கில் ஏற வேண்டிய வரி.

ஒரே ஒரு பல் என்ன செய்யும் என்று கேட்டால், அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டைச் சொல்வேன். அங்கே கிடைத்த மிகச் சிறிய ஒரு பல், ட்ரூடான்டிட் என்ற டைனோசார் குடும்பத்தைச் சேர்ந்தது என்று 2013இல் கோஸ்வாமி, பிரசாத் குழுவினர் அறிவித்தார்கள். அந்தக் குடும்பம் வட கண்டங்களுக்கு உரியது என்று அதுவரை நினைத்திருந்தார்கள். ஒரு பல்லால் உலக வரைபடத்தின் ஒரு கோடு நகர்ந்தது. அது கல்லமேட்டில், இந்த அடுக்கில், இன்னாரால் எடுக்கப்பட்டது என்ற பதிவு இருந்ததால்தான் நகர்ந்தது.

பதிவு பொய்யானால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு, வருத்தத்தோடு சொல்கிறேன். சண்டிகரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் இருந்த விஸ்வ ஜித் குப்தா, இமயமலையில் கிடைத்தவை என்று சொல்லிக் கால் நூற்றாண்டுக் காலம் புதைபடிவங்களைப் பற்றி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் எழுதினார். 1989இல் ஆஸ்திரேலியாவின் ஜான் டேலண்ட், நேச்சர் இதழில் அதை அம்பலப்படுத்தினார். இமயத்து அம்மோனைட் என்று காட்டப்பட்டவை மொராக்கோவில் கிடைத்து, பாரிஸ் கடைகளில் விற்பனைக்கு இருந்தவற்றைப் போலவே இருந்தன. அவரை நம்பிக் கூட்டாக எழுதியவர்கள் பலர். இமயமலையின் நிலவியலில் எது மெய், எது பொய் என்று பிரித்தெடுக்கும் வேலை மற்றவர்கள் தலையில் விழுந்தது. அந்த அம்மோனைட்டுகள் உண்மையான அம்மோனைட்டுகள்தாம். ஊர்தான் பொய்.

மொராக்கோவை மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே கூரிப்கா வட்டாரத்துப் பாஸ்பேட் சுரங்கங்களில் மொசசார் பற்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. உலகெங்கும் கடைகளில் விற்கும் கடல் ஊர்வனவற்றின் பல் பெரும்பாலும் அங்கிருந்து வருவதுதான். விலை குறைவு, எளிதாக வாங்கலாம். அதே சந்தையில், உண்மையான பற்களை வேறு தாடைத் துண்டில் பசை போட்டு ஒட்டி, மண்ணைப் பூசி விற்பதும் நடக்கிறது. 2021இல் மொராக்கோத் தாடைத் துண்டு ஒன்றை வைத்து ஜெனோடென்ஸ் என்று ஒரு புதிய மொசசார் பெயரிடப்பட்டது. 2024 இறுதியில் கனடாவின் ஆய்வாளர்கள் அதன் பற்கள் போலியாகப் பொருத்தப்பட்டவையாக இருக்கலாம் என்று எழுதினார்கள். மொசசாருக்கு ஒரு குழியில் ஒரு பல்தான் முளைக்கும். அதில் ஒரே குழியில் இரண்டு பல். சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அந்தத் துண்டு முறையான அகழ்வில், பார்த்தவர் குறிப்போடு வந்திருந்தால் இந்த வழக்கே எழுந்திருக்காது.

நம் பக்கத்து நிலைமை வேறு. இங்கே சந்தை பெரிதில்லை, சுரங்கம்தான் பெரிது. அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக்கல் முழுக்க அந்தப் பழைய கடலின் கொடை. சிமென்ட் ஆலைகள் அதை நம்பி நிற்கின்றன. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு அதில். சுரங்கம் வெட்டும்போதுதான் புதிய அடுக்கு வெளியே தெரிகிறது, அதே வேகத்தில் அது அரைவைக்கும் போகிறது. சுரங்கத்தில் வேலை செய்பவர்களின் கண்ணுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் இதற்கு நல்ல வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன். குவாரித் தொழிலாளியின் கண் எவ்வளவு கூர்மையானது என்று கொட்டாம்பட்டிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லின் ஓட்டத்தை ஒரே பார்வையில் சொல்பவர்கள் உங்கள் வீடுகளில் இருக்கிறார்கள்.

அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. ஊரில் கிடைத்தது ஊருக்கு அருகிலேயே இருப்பது பெரிய காரியம். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்தபோது டைனோசார் முட்டை என்று செய்தி பரவி, மக்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். நிலவியல் அறிஞர்கள் வந்து, அம்மோனைட்டைச் சுற்றிப் படிந்து இறுகிய உருண்டைகள் என்றார்கள். சிலர் இதை ஏமாற்றமாகப் பேசினார்கள். எனக்கு அந்தக் கூட்டம்தான் பெரிதாகப் பட்டது. தங்கள் மண்ணில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேலையை விட்டு வந்த மக்கள் அவர்கள்.

சட்டம் இன்னும் முழுமையாகவில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் மனிதர் கைபட்ட பொருட்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நிலவியல் மரபிடங்களுக்கும் எச்சங்களுக்கும் தனிச் சட்டம் வேண்டும் என்று 2022 டிசம்பரில் மத்திய அரசு ஒரு வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. அது சட்டமாக வேண்டும். அதே நேரம், ஓடையில் பல்லைப் பார்த்து எடுத்து வந்து கொடுக்கும் ஆடு மேய்க்கும் பையனைக் குற்றவாளியாக்கும் சட்டமாக அது ஆகிவிடக் கூடாது. மேரி ஆனிங் அப்படிப்பட்ட பிள்ளைதான். இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் தச்சரின் மகள். 1811இல் அவள் அண்ணன் ஜோசஃப் ஓர் இக்தியோசார் மண்டையைக் கண்டான். மறு ஆண்டு உடம்பின் பகுதியை மேரி தேடி எடுத்தாள். அப்போது அவளுக்கு வயது பன்னிரண்டு, பதிமூன்றுதான். இக்தியோசார் என்ற விலங்கை அறிஞர் உலகம் கண்திறந்து பார்த்தது அந்தக் குடும்பத்தின் உழைப்பால். ஆனால் முதலில் வந்த கட்டுரைகளில் அவள் பெயர் இல்லை. கண்டெடுத்தவர் பெயரையும் எழுதி வைப்பது பதிவின் ஒரு பகுதி என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

இனி வேலையின் முறை. பருவமழை மண்ணை அரித்து விட்ட பிறகு, மார்கழி, தை மாதங்களில், காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போக வேண்டும். எனாமல் மினுங்கும், சுற்றியுள்ள கல் மினுங்காது. ஜிப்சமும் மினுங்கும், ஆனால் அது கண்ணாடித் தகடு, நகத்தால் கீறினால் கோடு விழும். பல் பெரும்பாலும் காப்பி நிறம், கறுப்பு, அல்லது தேன் நிறம். கண்ணில் பட்டதும் கை நீளும்; நீளக் கூடாது. முதலில் கிடந்த கிடையிலேயே, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம். பிறகு தள்ளி நின்று ஓடையும் மேடும் தெரிய இன்னொரு படம். கைபேசியில் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை. பல் கிடப்பது ஓடையின் அடியிலா, சுவரிலா என்ற குறிப்பு. அடியில் கிடந்தால் மேலே எங்கிருந்தோ உருண்டு வந்தது. எந்த அடுக்கிலிருந்து என்று தேட வேண்டும். சுவரிலேயே பதிந்திருந்தால் அதற்கு மதிப்பு அதிகம். அதைத் தோண்டாமல் படத்தோடு விட்டுவிட்டு அறிந்தவரை அழைத்து வாருங்கள். காரை அறிவிக்கப்பட்ட நினைவுச் சின்னம் என்பதால் அங்கிருந்து எதையும் வீட்டுக்கு எடுத்துவரும் எண்ணமே வேண்டாம். படமும் குறிப்பும் போதும். அவற்றை அருங்காட்சியகத்துக்கோ நிலவியல் துறை உள்ள கல்லூரிக்கோ அனுப்புங்கள்.

ஆய்வாளர்கள், வெறும் கண்ணுக்குத் தெரியாத பல்லையும் எடுக்கிறார்கள். ஓர் அடுக்கின் களிமண்ணை மூட்டை மூட்டையாக அள்ளி, நன்றாகக் காயவைத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பிறகு தண்ணீரில் போட்டால் களி பொலபொலவென்று உதிரும். மெல்லிய கண் கொண்ட சல்லடைகளில் அலசி, மிஞ்சிய குருணையைக் காயவைத்து, நுண்ணோக்கியின் கீழ் ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பார்கள். ஒரு மூட்டை மண்ணுக்கு ஒரு பல் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்கவில்லை என்பதையும் குறித்து வைப்பார்கள்.

மேசையில் சில பொருட்களை வைத்திருக்கிறேன். மதுரை மீன் சந்தையில் வாங்கிய சுறாவின் தாடை ஒன்று. முன்வரிசைக்குப் பின்னால் அடுத்தடுத்த வரிசைகள் படுத்திருப்பதைப் பாருங்கள், விழும் பல்லுக்கு மாற்று அங்கேதான் காத்திருக்கிறது. பக்கத்தில் இருப்பவை இக்தியோசார், மொசசார், முதலைப் பற்களின் பிளாஸ்டர் வார்ப்புகள். அசல் அல்ல, தொட்டுப் பார்க்கலாம். பெயர்ச் சீட்டுகளை வேண்டுமென்றே எடுத்துவிட்டேன். வரிசையாக வாருங்கள், எது எதனுடையது என்று நீங்களே சொல்லுங்கள். ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று நான் கேட்பேன்.